ரயில் கால அட்டவணையைக் கணிதத்தால் வகுப்பது எப்படி: ஓர் ஒற்றைத்தடக் கிளைப்பாதையின் கணக்கு

2006 டிசம்பரில் நெதர்லாந்து ரயில்வே தன் கால அட்டவணை முழுவதையும் அடியிலிருந்து புதிதாக வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இருந்தது 1970இல் அமைத்த அட்டவணை. முப்பத்தாறு ஆண்டுகளாக அதிலேயே திருத்தத்தின் மேல் திருத்தமாகச் செய்து வந்ததில், இனியும் ரயில்களைக் கூட்ட வேண்டுமென்றால் பெருஞ்செலவில் புதிய தடங்களைப் போட்டாக வேண்டும் என்ற கட்டம் வந்துவிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரயில்களின் நேரங்களைக் கையால் மாற்றியமைப்பது ஆகாத காரியம் என்பதால், ஆம்ஸ்டர்டாமின் கணித, கணினி அறிவியல் ஆய்வு மையத்தில் அலெக்சாண்டர் ஸ்கிரைவரும் அட்ரி ஸ்டீன்பேக்கும் 1990களில் உருவாக்கிய ‘காடன்ஸ்’ என்ற நிரலை அந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். திட்டமிடல் முடிவுகளைக் கணிதத்தால் எடுக்கும் செயல்முறை ஆராய்ச்சித் துறையின் உயரிய பரிசான எடல்மன் விருது 2008இல் அந்தப் பணிக்குக் கிடைத்தது.

காடன்ஸ் தீர்த்த அதே வகைக் கணக்கை, நான்கு மாறிகள் மட்டுமே கொண்ட சிறிய அளவில், தாளும் பேனாவும் வைத்துக்கொண்டே எழுதித் தீர்த்துவிட முடியும். அதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்குத்தான் பெரிய வலையமைப்பில் கணினி தரும் விடையை நம்பலாமா, திருப்பிக் கேள்வி கேட்க வேண்டுமா என்பது விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி ஒரு சிறு கிளைப்பாதையை எடுத்துக்கொண்டு, அதன் அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வகுத்துக் காட்டுகிறது.

எந்த வகை அட்டவணை

ரயில் அட்டவணைகளில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியே ஒரு நேரம் குறிப்பது ஒரு வகை. இந்தியாவின் தொலைதூர ரயில்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகின்றன. இந்திய ரயில்வே மும்பை ஐஐடியின் துணையோடு மேற்கொண்ட, பழைய அட்டவணையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் பணி இந்த வகையைச் சேர்ந்தது. இதற்கான கணித வடிவம் ஒன்றை இத்தாலியரான கப்ராரா, ஃபிஷெட்டி, தோத் ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்டார்கள்: ஒவ்வொரு ரயிலுக்கும் விரும்பத்தக்க பாதை ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு, மோதல் வராதபடி அதை எவ்வளவு குறைவாக நகர்த்தலாம் என்று பார்ப்பது அதன் சாரம்.

மற்றொரு வகையில் ஒரு மணிநேரத்தின் வரைவை மட்டும் செய்து, அதையே நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். நெதர்லாந்தில் நடப்பது அதுவே. சுவிட்சர்லாந்து 1982 முதல் நாடு முழுவதும் அப்படி ஓட்டிவருகிறது. ரயில் எத்தனை மணிக்கு என்று பயணி நினைவில் வைக்க வேண்டியதில்லை, எத்தனையாவது நிமிடத்தில் என்று தெரிந்தால் போதும். இதற்கான கணித வடிவத்தைப் பாவ்லோ செராஃபினியும் வால்டர் உகோவிச்சும் 1989இல் எழுதினார்கள். நாம் எடுத்துக்கொள்வதும் இந்த இரண்டாம் வகையைத்தான். நம் சுற்று 60 நிமிடம்.

நேரத்தை விட்டுவிட்டு இடைவெளியை எழுதுங்கள்

இந்த முறையைக் கற்பவர் முதலில் பழக வேண்டிய சிந்தனை ஒன்றுதான். அட்டவணை என்றவுடன் 10.02, 10.18 என்ற நேரங்கள்தான் கண்முன் வரும். கணக்கை எழுதும்போது அந்த நேரங்களை மறந்துவிட்டு, எந்த இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே குறைந்தது எத்தனை நிமிடம் வேண்டும், அதிகபட்சம் எத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்பதை மட்டும் எழுத வேண்டும். கிளம்புவதும் வந்து சேர்வதும் நிகழ்வுகள். ஓட்ட நேரம், நிற்கும் நேரம், மாறி ஏறும் நேரம், பெட்டித்தொடர் (ஒரு ரயிலாக ஓடும் பெட்டிகளின் கோவை) திரும்பும் நேரம், ஒரே தடத்தில் இரண்டு ரயில்களுக்கு நடுவே விடும் பாதுகாப்பு இடைவெளி ஆகிய எல்லாமே இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட ஒரு கீழ்வரம்பும் ஒரு மேல்வரம்பும்தான். இந்த வரம்புகளை நேர்மையாக எழுதுவதில்தான் திட்டமிடுபவரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது.

நம் கிளைப்பாதையில் மூன்று நிலையங்கள். முதன்மைப் பாதையில் உள்ள சந்திப்பு நிலையம் ஒரு முனை. மறு முனையில் கடைநிலையம். இரண்டுக்கும் நடுவே, கிராசிங்குக்கு, அதாவது எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடப்பதற்கு, வசதியாக இரண்டு தடங்கள் உள்ள நடுநிலையம். மற்றபடி பாதை முழுவதும் ஒற்றைத் தடம். சந்திப்பிலிருந்து நடுநிலையத்துக்கு 16 நிமிட ஓட்டம். அங்கிருந்து கடைநிலையத்துக்கு 21 நிமிடம். இரு திசையிலும் இதே அளவு. மணிக்கு ஒரு ரயில் போக வேண்டும், ஒன்று வர வேண்டும்.

போகும் ரயில் சந்திப்பை விட்டுக் கிளம்பும் நிமிடத்தைப் போ1 என்றும், அது நடுநிலையத்தை விட்டுக் கிளம்புவதைப் போ2 என்றும் வைத்துக்கொள்வோம். வரும் ரயில் கடைநிலையத்தை விட்டுக் கிளம்புவது வா1. அது நடுநிலையத்தை விட்டுக் கிளம்புவது வா2. ஓட்ட நேரம் மாறாதது என்பதால் வந்து சேரும் நேரங்களுக்குத் தனி மாறிகள் தேவையில்லை.

நடுநிலையத்தில் ரயில் குறைந்தது 1 நிமிடம், அதிகபட்சம் 5 நிமிடம் நிற்கலாம் என்றால், போ2க்கும் போ1க்கும் உள்ள வேறுபாடு 17 முதல் 21 வரை. வா2க்கும் வா1க்கும் உள்ள வேறுபாடு 22 முதல் 26 வரை. அடுத்தது ஒற்றைத் தடம். போகும் ரயில் நடுநிலையத்தை அடைந்து 2 நிமிடம் ஆன பிறகே வரும் ரயில் அந்தத் தடத்தில் சந்திப்பை நோக்கிக் கிளம்பலாம். ஆக வா2 − போ1 குறைந்தது 18. அந்த ரயில் சந்திப்பை அடைந்து 2 நிமிடம் கழித்தே அடுத்த மணியின் போகும் ரயில் கிளம்பலாம் என்பதால், அதே வேறுபாடு 60 − 18, அதாவது 42ஐத் தாண்டக்கூடாது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருக்க வேண்டும் என்ற கட்டளை முழுவதும் ‘18 முதல் 42’ என்ற இந்த ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. இதே முறையில் நடுநிலையத்துக்கும் கடைநிலையத்துக்கும் இடையே வா1 − போ2 என்பது 23 முதல் 37. கடைநிலையத்தில் ஓட்டுநர் முனை மாறி, பிரேக் சோதித்துத் திரும்பக் குறைந்தது 6 நிமிடம் வேண்டும், அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் திரும்பிவிடவும் வேண்டும் என்றால் அந்த வரம்பு 27 முதல் 37 என்று சுருங்கும்.

இந்த வரம்புகள் எல்லாம் 60இன் மடங்குகளை விலக்கிப் பார்க்க வேண்டியவை. வேறுபாடு 78 என்று வந்தால், 60ஐக் கழித்த 18 வரம்புக்குள் இருப்பதால் அது சரியே. கணக்கின் கடினம் முழுவதும் இந்த ‘எத்தனை மடங்கு’ என்ற முழு எண்ணில்தான் இருக்கிறது.

எண்கள் எங்கிருந்து வர வேண்டும்

மேலே போகிறபோக்கில் எழுதிய 16, 21, 2 போன்ற எண்களைச் சேகரிப்பதற்கு, கணக்கைத் தீர்ப்பதைவிடப் பல மடங்கு நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். பழைய அட்டவணையிலிருந்து ஓட்ட நேரத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பழைய அட்டவணையில் யாரோ, என்றோ, ஏதோ ஒரு காரணத்துக்காகச் சேர்த்த அவகாசம் ஒளிந்திருக்கும். காரணம் போன பின்பும் அவகாசம் தங்கிவிடும். அதையே கீழ்வரம்பாகப் போட்டால், எந்தக் கணிதத்தாலும் அதை வெளியே எடுக்க முடியாது. எஞ்சினின் இழுவிசை, ஏற்ற இறக்கம், வளைவுகளின் வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றிலிருந்து தூய ஓட்ட நேரத்தைக் கணக்கிட்டு, அதன் மேல் வைக்கும் அவகாசத்தைத் தனி எண்ணாக எழுதி வையுங்கள்.

அந்த 2 நிமிடத்தையும் நிலையத்தில் நின்று பார்த்தே எழுத வேண்டும். வரும் ரயிலின் கடைசிப் பெட்டி அடுத்த தடத்துக்கு இடிக்காத எல்லையைத் தாண்டி உள்ளே வர வேண்டும். ரயில் முழுமையாக வந்துவிட்டது என்று உறுதியான பிறகே அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்ப அனுமதி, கேட்க முடியும். கிடைத்த பின் தடத்தை மாற்றும் பாயிண்ட் திரும்பிப் பூட்ட வேண்டும்; பிறகு கிளம்ப அனுமதி காட்டும் ஸ்டார்ட்டர் சிக்னல் இறங்க வேண்டும்; அதைப் பார்த்து ஓட்டுநர் கிளப்ப வேண்டும். தானியங்கி முறையில் இவ்வளவும் சில பத்து விநாடிகளில் முடியும் இடமும் உண்டு. தடத்தில் நுழைய அனுமதியாகத் தரும் டோக்கன் கையிலிருந்து கைக்கு மாறும் பாதையில் 2 நிமிடம் போதாமல் போகும் இடமும் உண்டு. இந்த ஒரு எண்ணில் வரும் தவறு பாதையின் எல்லாக் கிராசிங்கிலும் எதிரொலிக்கும்.

முழு நிமிடமாக்குவதிலும் கவனம் வேண்டும். ஐந்து சிறு பகுதிகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி முழுமையாக்கினால் இரண்டு மூன்று நிமிடம் வீணாகிவிடும். ரயில் நிற்காமல் கடக்கும் பகுதிகளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு முழுமையாக்குவது நல்லது.

கையால் ஒரு சுற்று

இப்போது நான்கு நிகழ்வுகளையும் ஒரு வளையமாகச் சுற்றிப் பாருங்கள். போ1இலிருந்து போ2, அங்கிருந்து வா1, அங்கிருந்து வா2. மூன்று கீழ்வரம்புகளையும் கூட்டினால் 17 + 27 + 22 = 66. மேல்வரம்புகளைக் கூட்டினால் 21 + 37 + 26 = 84. ஆகவே வா2 − போ1 என்பது 66 முதல் 84க்குள் விழ வேண்டும். மறுபக்கம், ஒற்றைத் தடத்தின் கட்டளைப்படி அது 18 முதல் 42க்குள்ளோ, ஒரு 60ஐக் கூட்டினால் 78 முதல் 102க்குள்ளோ இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்துவது 78 முதல் 84 வரை மட்டுமே. மடங்கு எண் 1 என்பது கணினியைத் தொடாமலே தீர்ந்துவிட்டது. 66 போதும் என்ற இடத்தில் குறைந்தது 78 ஆகும், அதாவது 12 நிமிடத்தை எங்காவது செலவழித்தே தீர வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த 12ஐ எங்கே வைப்பது? கடைநிலையத்தில் பெட்டித்தொடர் காலியாக நிற்கும்போது வைத்தால் எந்தப் பயணிக்கும் இழப்பில்லை. அங்கே 10 நிமிடம் வரை வைக்க இடம் இருக்கிறது. மீதி 2 நிமிடம் நடுநிலையத்தில். போ1ஐ 02 என்று வைத்தால் அட்டவணை இப்படி அமைகிறது: போகும் ரயில் 02க்குக் கிளம்பி 18க்கு நடுநிலையம் சேர்கிறது, 19க்குக் கிளம்பி 40க்குக் கடைநிலையம் சேர்கிறது. அங்கே 16 நிமிடம் நின்று 56க்குத் திரும்பி, 17க்கு நடுநிலையம், 20க்குக் கிளம்பி 36க்குச் சந்திப்பு.

நடுநிலையத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 17ஆம் நிமிடத்தில் வரும் ரயில் உள்ளே வந்து நிற்கிறது. 18இல் போகும் ரயில் பக்கத்துத் தடத்தில் வந்து நிற்கிறது. முன்னது வந்து 2 நிமிடம் ஆனதும், 19இல் போகும் ரயில் கிளம்பிவிடுகிறது. பின்னது வந்து 2 நிமிடம் ஆனதும், 20இல் வரும் ரயில் கிளம்புகிறது. எந்த நிமிடமும் வீணாகவில்லை. கூடுதலாகச் செலவான 2 நிமிடமும் கிராசிங் கேட்கும் விலைதான்.

எதைக் குறைக்கப் போகிறோம்

கட்டளைகளை மீறாத அட்டவணைகள் பல இருக்கும். அவற்றுள் எது நல்லது என்று சொல்லக் குறிக்கோள் சார்பு வேண்டும். வழக்கமாக, ஒவ்வொரு இடைவெளியிலும் கீழ்வரம்புக்கு மேல் போன நிமிடங்களை அதைப் பயன்படுத்தும் பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிச் சிறுமமாக்குவார்கள்.

நம் சந்திப்பில் நகரத்திலிருந்து வரும் முதன்மைப் பாதை ரயில் 58க்கு வந்து சேர்கிறது என்றும், நகரத்தை நோக்கிப் போவது 03க்குக் கிளம்புகிறது என்றும், மாறி ஏறக் குறைந்தது 4 நிமிடம் வேண்டும் என்றும் கொள்வோம். 58க்கு இறங்கியவர் 02க்குக் கிளம்பும் கிளைப்பாதை ரயிலில் ஏறிவிடலாம். காத்திருப்பு 4 நிமிடம். ஆனால் 36க்கு வந்து சேர்ந்தவர் 03 வரை 27 நிமிடம் நடைமேடையில் உட்கார வேண்டும். மொத்தம் 31. போ1ஐ எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏறும். கூட்டுத்தொகை 31 மாறாது. நடுநிலையத்தில் ரயில்களை மேல்வரம்பான 5 நிமிடம் வரை நிறுத்தி வைத்தால் அது 25 வரை இறங்கும், ஆனால் நடைமேடையில் குறைந்த நிமிடங்களைப் பயணி பெட்டிக்குள் உட்கார்ந்து கழிப்பார், அவ்வளவுதான். வழியில் ஏறி இறங்குவோருக்கோ வெறும் நட்டம்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு திசையில் 120 பேரும் மறு திசையில் 100 பேரும் மாறி ஏறுகிறார்கள் என்று கணக்கில் எழுதினால், விடை 31ஐ இருவருக்கும் பங்கிட்டுத் தராது. 120 பேருக்கு 4 நிமிடமும் 100 பேருக்கு 27 நிமிடமும் கொடுத்துவிடும். நேரியல் குறிக்கோளின் இயல்பே அதுதான்: விடை எப்போதும் ஓரத்துக்குப் போய் நிற்கும். நியாயம் வேண்டுமென்றால் அதை நீங்கள்தான் ஒரு வரியாக எழுத வேண்டும். எந்தக் காத்திருப்பும் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு மேல்வரம்பு போட்டால் 11ம் 20ம் ஆகப் பிரியும். எழுதாமல் விட்ட அக்கறையை எந்த நிரலும் தானாக ஊகித்துக்கொள்ளாது.

பெட்டித்தொடரையும் மறக்கக்கூடாது. 02க்குக் கிளம்பிய தொடர் அடுத்த மணி 36க்குத் திரும்பி, 26 நிமிடம் நின்று மீண்டும் கிளம்புகிறது. ஒரு முழுச் சுற்று 120 நிமிடம், ஆகவே இரண்டு தொடர்கள் போதும். சந்திப்பில் திரும்பக் குறைந்தது 8 நிமிடம் என்ற வரியை எழுதாமல் விட்டால், காகிதத்தில் அழகாகத் தோன்றும் அட்டவணை மூன்றாவது தொடரைக் கேட்பது கடைசியில்தான் தெரியவரும். கிறிஸ்தியன் லீப்ஷென் பெர்லின் சுரங்க ரயிலுக்காக இதே முறையில் வகுத்து 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணை, பயணிகளின் காத்திருப்பைக் குறைத்ததோடு ஒரு ரயிலையும் மிச்சப்படுத்தியது. இரண்டையும் ஒரே கணக்குக்குள் எழுதியிருந்ததால்தான் இரண்டும் கைகூடியது.

கணினியிடம் கொடுக்கும்போது

இடைவெளிகளை ஒரு விரிதாளில் எழுதுங்கள்: எந்த நிகழ்விலிருந்து, எந்த நிகழ்வுக்கு, கீழ்வரம்பு, மேல்வரம்பு, பயணிகள் எண்ணிக்கை, இந்த வரி எதற்காக என்ற குறிப்பு. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ‘இந்த 23 எங்கிருந்து வந்தது’ என்று கேட்கும்போது அந்தக் குறிப்புதான் பதில் சொல்லும். ‘ஹைஸ்’, ‘சிபிசி’, கூகுளின் ‘ஓஆர் டூல்ஸ்’ போன்ற இலவசத் தீர்வு நிரல்கள் சிறு வலையமைப்புக்குத் தாராளமாகப் போதும்.

நேரடியாக எழுதினால் ஒவ்வொரு வரியும் ‘கீழ்வரம்பு ≤ வேறுபாடு + 60 × முழு எண் ≤ மேல்வரம்பு’ என்று அமையும். இது சரியான வடிவம்தான், ஆனால் தீர்வு நிரலுக்கு இது மிகவும் சிரமம் தரும். முழு எண் என்ற நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்திப் பார்ப்பதே இந்நிரல்கள் வேலை செய்யும் விதம்; தளர்த்தியவுடன், எல்லா நிகழ்வையும் 0ஆம் நிமிடத்தில் வைத்து, ஒவ்வொரு வரியின் கீழ்வரம்பையும் பின்ன எண்ணாலேயே நிரப்பிவிடலாம். காத்திருப்பு பூச்சியம் என்று கீழெல்லை வரும். அதனால் ஒரு பயனும் இல்லை.

மாற்று வழி, நாம் கையால் செய்த வளையம்தான். இடைவெளிகளையே மாறிகளாக எடுத்துக்கொண்டு, நிகழ்வுகளைப் புள்ளிகளாகவும் இடைவெளிகளைக் கோடுகளாகவும் வரைந்த வரைபடத்தின் ஒவ்வொரு அடிப்படை வளையத்துக்கும், சுற்றி வரும்போது கூட்டுத்தொகை 60இன் மடங்காக இருக்க வேண்டும் என்று எழுதலாம். எதிர்த்திசையில் கடக்கும் இடைவெளியைக் கழிக்க வேண்டும். நம் வளையத்தில் அந்தக் கூட்டுத்தொகை 66 − 42 = 24 முதல் 84 − 18 = 66 வரைதான் இருக்க முடியும்; அதற்குள் உள்ள ஒரே மடங்கு 60. பொருந்தாத மடங்குகளை இப்படி வெட்டி விலக்கும் வரியை 1996இல் மிக்கீல் ஓடைக் எழுதினார். வளையங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மேல்வரம்புக்கும் கீழ்வரம்புக்கும் உள்ள அகலம் குறைவான இடைவெளிகள் வழியாகச் செல்லும் வளையங்களை எடுத்தால், பல முழு எண்கள் ஒரே மதிப்பாகச் சுருங்கிவிடும். அகலம் 59க்கு மேல் உள்ள வரி எதையும் கட்டுப்படுத்துவதில்லை. அதைக் குறிக்கோளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நாடளாவிய வலையமைப்பில் கிடைத்தது உகமத் தீர்வு, அதாவது அதைவிடச் சிறந்தது இல்லை, என்று நிரூபிப்பதை எதிர்பார்க்க வேண்டாம். கட்டளைகளை மீறாத ஒரு விடையை விரைவாகக் கண்டுபிடிப்பதற்கு, ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்ததுபோல் முழுக் கணக்கையும் உண்மை–பொய் மாறிகளாக மாற்றித் தீர்ப்பது நல்ல வழி. கிடைத்த விடையைப் படிப்படியாக மேம்படுத்த நாக்டிகாலும் ஓப்பிட்ஸும் 2008இல் தந்த முறை உண்டு.

‘விடை இல்லை’ என்று வந்தால்

பழகாதவர்கள் இந்த இடத்தில் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ இந்தக் கணிதம் தரும் மிகப் பயனுள்ள பதிலே இதுதான் என்று தோன்றுகிறது. நம் பாதையில் ‘நடுநிலையத்தில் எந்த ரயிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது’ என்று ஒரு மேலதிகாரி சொல்கிறார் என்று வையுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளையத்தின் மேல்வரம்பு 84இலிருந்து 76க்கு இறங்குகிறது, தேவையோ 78. வளையக் கூட்டுத்தொகை 24 முதல் 58 வரை மட்டுமே போகும், அதற்குள் 60 இல்லை. இரண்டு நிமிடமாகத் தளர்த்தினால் சரியாக 78 வந்து கணக்கு தீர்கிறது. ‘முடியாது’ என்று வெறுமனே சொல்லாமல், ஒற்றைத் தடம், கடைநிலையத் திருப்பம், நிறுத்த நேரம் ஆகிய இந்த மூன்றில் ஒன்றைத் தளர்த்துங்கள் என்று அவரிடம் சொல்ல முடிகிறது. காடன்ஸ் நிரலும் விடை இல்லாதபோது முரண்படும் கட்டளைகளைத் தொகுத்துக் காட்டும்படியே அமைந்திருந்தது. எதைத் தளர்த்துவது என்ற முடிவைத் திட்டமிடுபவரே எடுத்தார்.

அவகாசத்தைக் காப்பாற்றுங்கள்

காத்திருப்பைக் குறை என்று மட்டும் சொன்னால், நிரல் எல்லா அவகாசத்தையும் உறிஞ்சிவிடும். மேலே கிடைத்த 17, 18, 19, 20 அப்படிப்பட்டதுதான்: வரும் ரயில் 3 நிமிடம் தாமதித்தால் போகும் ரயிலும் அதே 3 நிமிடம் தாமதிக்கும். எந்த இடைவெளியில் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் தாமதம் அடுத்த ரயிலுக்குத் தொற்றாது என்று பார்த்து, அந்த நிமிடத்தைக் கீழ்வரம்பிலேயே சேர்த்துவிடுங்கள். இந்தப் பாதையில் கடைநிலையத்தின் 16 நிமிடத் திருப்பம் நல்ல காப்பு. போகும் ரயில் 10 நிமிடம் தாமதமாக வந்தாலும் திரும்புவது நேரத்துக்குத் திரும்பும். அவகாசம் முழுவதையும் கடைசி நிலையத்துக்கு முந்தைய பகுதியில் குவித்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது சேருமிடத்தில் நேரந்தவறாமைக் கணக்கை அழகாகக் காட்டும். வழியில் நடக்கும் கிராசிங்குகளையும் இணைப்பு ரயில்களையும் அது காப்பாற்றுவதில்லை.

விடை வந்ததும், தூரத்தை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்துக் கோடுகளாக வரைந்து பாருங்கள். கண்ட்ரோல் அலுவலகத்தில் ரயில்களைக் குறிக்கும் அதே வரைபடம்தான். நிலையத்துக்கு வெளியே இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் ஏதோ ஒரு வரியை எழுத மறந்திருக்கிறீர்கள். நடைமேடைகளும் நிலையத்துக்குள் உள்ள தடங்களும் தனிக் கணக்கு; நெதர்லாந்தில் அதற்கென்று வேறொரு நிரலே வைத்திருந்தார்கள்.

கிராசிங் நிலையம் எங்கே இருக்க வேண்டும்

சந்திப்பில் 31 நிமிடக் காத்திருப்பு என்பது நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குக் காரணம் கிராசிங் நிலையம் இருக்கும் இடம். மணிக்கு ஒரு ரயில் வீதம் ஓடும் பாதையில் எதிரெதிர் ரயில்கள் அரைமணிக்கு ஒருமுறை சந்திக்கும். சந்திப்பில் 00ஐ ஒட்டி இணைப்பு வேண்டுமென்றால், பாதையில் அடுத்த கிராசிங் 30ஐ ஒட்டி நடக்க வேண்டும். நம்முடையதோ 18இல் நடக்கிறது. சுவிஸ் நாட்டார் 2004 டிசம்பர் 12இல் ‘பான் 2000’ திட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது இதே எண்ணத்தைத்தான் நாடளவில் செய்தார்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு என்று பார்க்காமல், அட்டவணைக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு என்று கணக்கிட்டு, மாட்ஸ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் இடையே 45 கிலோமீட்டர் புதிய பாதை அமைத்து, சூரிச்–பெர்ன் பயணத்தை ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நாமும் சந்திப்பிலிருந்து 26 நிமிட ஓட்டத்திலும் கடைநிலையத்திலிருந்து 11 நிமிட ஓட்டத்திலும் உள்ள வேறோரிடத்தில் கிராசிங் தடம் போடுவதாக எண்ணி, வரம்புகளை மாற்றி எழுதிப் பார்ப்போம். போ1 மீண்டும் 02. வரும் ரயில் 56க்குச் சந்திப்பு சேர்கிறது. 03 வரை 7 நிமிடம்தான் காத்திருப்பு. மொத்தம் 31இலிருந்து 11 ஆகக் குறைகிறது. ஆனால் 56க்கு வந்த தொடர் 02க்குக் கிளம்ப 6 நிமிடம்தான் இருக்கிறது, தேவை 8. ஆகவே அது அடுத்த மணி 02 வரை நிற்க, மூன்றாவது தொடர் வாங்க வேண்டிவரும்.

அதே கிராசிங்கை ஒரு நிமிடம் முன்னால், 25 நிமிட ஓட்டத்தில் போட்டுப் பாருங்கள். வரும் ரயில் 26க்கும் போகும் ரயில் 27க்கும் கிராசிங்கில் வந்து சேர, 28இலும் 29இலும் இரண்டும் கிளம்புகின்றன. சந்திப்பை 54க்கு அடைந்த தொடருக்கு 02 வரை சரியாக 8 நிமிடம் கிடைக்கிறது. இரண்டு தொடர்களே போதும். காத்திருப்பு 4ம் 9ம், மொத்தம் 13. போகும் பயணம் முன்போலவே 38 நிமிடம், வரும் பயணம் முன்போலவே 40 நிமிடம். ரயில் கொஞ்சமும் வேகம் கூட்டவில்லை. கடைநிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகிறவர் சந்திப்பில் 27 நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம் காத்திருக்கிறார். தடம் போடும் பொறியாளரிடம் கொடுக்க வேண்டிய எண் இந்த 25தான். 26க்குப் போக வேண்டாம் என்பதற்கான காரணத்தையும், அதாவது மூன்றாவது பெட்டித்தொடரின் விலையையும், அதே தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.